பூஜ்யத்தின் மேல் படுத்திருப்பது

பொத்தான்.
பொத்தான்.
பொத்தான்.

டார்டோ அனுப்பிய ஒலிப்பதிவில்
திரைவாசிப்பானுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லை.
பின்னணியில் லாரிகள் உறுமின.
நுவேவா பால்மிரா துறைமுகம், சோயா அறுவடை,
சாலை முடியும்வரை வரிசை.

எடைமேடைக் குமாஸ்தா. பதினோரு வருடம்
பக்கத்து நாற்காலி எண்ணை வாசித்துச் சொல்லும்,
இவர் தட்டச்சு செய்வார்.
மார்ச்சில் பக்கத்து நாற்காலி ஓய்வு பெற்றுவிட்டது.
"கண் தெரிந்த ஆளைப் போடலாம் என்கிறார்கள்,
அந்த நாற்காலியில் இல்லை, என்னுடையதில்"
என்று பதிவு முடிந்தது.

எனக்கும் கண் தெரியாது.
மோன்டெவிடியோவில் மூன்றாவது மாடி,
ஆறிப்போன மாத்தே,
வாங்கியதிலிருந்து திரையை அணைத்தே வைத்திருக்கும்
மடிக்கணினி.

ஆறு பொத்தான்களுக்குப் பெயர் வைத்தேன்.
அமுக்கினால் என்ன ஆகிறதோ அதுவே பெயர்:
சேமி. அச்சிடு. அடுத்த லாரி.
ஏழாவதை அமுக்கினார்; ஒன்றும் ஆகவில்லை.
"அதை இங்கே யாரும் தொட்டதேயில்லை."
பெயரில்லாத ஏழு, என்று எழுதி வைத்தேன்.

எடைதான் பிடி கொடுக்கவில்லை.
அது எழுத்தல்ல, எழுத்தின் படம்.
படம் வரையும் கட்டளையை
வழியில் மறித்து மடியைச் சோதித்தேன்.
மடியில் கனம் உள்ளதுதானே வழியில் மாட்டும்.
ஒரு வியாழன் இரவு இரண்டரை மணிக்கு
என் காதில் ஒரு லாரி ஏறியது:

நாற்பத்திரண்டாயிரத்து இரு
நாற்பத்தோராயிரத்து எண்ணூ
நாற்பத்திரண்டா
நாற்

மேடையில் லாரி குலுங்கக் குலுங்க
எண்ணும் குலுங்கியது.
கண்ணுக்கு அது வெறும் மினுக்கல்.
காதுக்கு வசவு.

பேசவைக்க நாலு நாள்.
வாயை மூடவைக்க மூன்று வாரம்.
எவ்வளவு நேரம் அசையாதிருந்தால்
ஓர் எண் எண்ணாகும்?
நானூறு மில்லிவிநாடி போதவில்லை.
ஆயிரம் வைத்தால் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள்.
அறுநூற்றைம்பது.
நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்:
ஒன்றும் சொல்லாத
அரை நொடியும் கொஞ்சமும்.

பிறகு மழை. ஏற்றுமதி நின்றது.
"இஸ்மேனியா, மேடையில் லாரியே இல்லை.
நாற்பது கிலோ என்கிறது உன் நிரல்."

அவருடைய பதிவுக்கோப்பை
வரிவரியாகக் கேட்டேன், இரவு முழுக்க.
அழியாமல் தங்கிய பழைய படமா?
நான் எண்ணத் தவறிய இலக்கமா?
தப்பு என்னுடையது என்றே தொடங்கினேன்,
இந்தத் தொழிலில் வேறெங்கும் தொடங்க முடியாது.

விடியற்காலை அவர் கோலை எடுத்துக்கொண்டு
மேடைமேல் நடந்தார், போன் சட்டைப்பையில்.
தட்.
தட்.
தட்.
அப்புறம் தட் இல்லை.
ஏதோ உறுமியது, யோசித்தது,
கொட்டாவி விட்டது.
"ஈர ரோமம்" என்றார். "பெரிய தலை.
வயிற்றுக்கு அடியில் இரும்பு சுடச்சுட இருக்கிறது."

ஏழாவது பொத்தானை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம்.
நாய் படுத்திருக்கும்போதே அமுக்கினார்.
பூஜ்யம், என்றது குரல்.
நாய் எழுந்து, உதறிக்கொண்டு, போனது.
கழித்தல் நாற்பது.

இத்தனை நாள் காலி மேடையில் அமுக்கி
ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததாக்கச் சொல்லிவிட்டு
ஒன்றும் ஆகவில்லை என்றிருக்கிறோம்.

பதிப்பு ஒன்று புள்ளி மூன்று. ஏழுக்குப் பெயர்:
பூஜ்யமாக்கு. முதலில் நாய் இருக்கிறதா என்று தடவிப் பார்.

ஆகஸ்டில் பய்சாண்டுவிலிருந்து ஒரு பெண் எழுதினாள்,
மாவு ஆலையில் எடை போடுபவள்.
கூடுதல் நிரல் நன்றாக ஓடுகிறது.
எங்கள் ஆலையில் நாய் கிடையாது,
அந்த வாசகத்தை எடுத்துவிட முடியுமா?

எடுத்துக்கொண்டிருந்தேன்.
மாலைக்குள் இன்னொரு கடிதம்:

வேண்டாம், இருக்கட்டும்.
போய்த் தடவிப் பார்த்தேன்.
மேடையோரம் யாரோ விட்டுப்போன ஸ்டெப்னி டயர்.
எத்தனை அறுவடையாக
அது பூஜ்யமாக இருந்ததோ.