நீலத்தில் பதினொரு நிமிடம்

இந்த அறையில் வெள்ளை விளக்குக்கு இடமில்லை.
ஒரு சிவப்புக் குமிழ்,
அதன் கீழே என் கைகள், யாருடையவையோ போல.
ஒட்டுத்துணிகளை ஒவ்வொன்றாய்
அலுமினியத் தாளில் மடிக்கிறேன்,
தேக்காவில் பரோட்டா கட்டுகிறவர் மடிப்பதைப் போல
ஓரத்தை நகத்தால் அழுத்தி.

உள்ளே ஒரு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்,
இரண்டையும் பிடித்து வைத்திருக்கும் உலோக முடிச்சு.
நீல வெளிச்சம் பட்டால் அவிழும்.
அவிழ்ந்த வாயுவுக்குச் சில நொடிதான் ஆயுள்.
வந்த வேலையை அதற்குள் முடிக்க வேண்டும்.

தனபாலன் ஸ்கூடாயிலிருந்து வருகிறவர்.
விடியாத நாலு மணிக்கு
உட்லண்ட்ஸ் பாலத்தில் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில்
முன்னால் நிற்பவனின் புகையைக் குடித்தபடி நிற்பார்.
அங்கேதான் ஒரு நாள் பக்கத்து வண்டி சாய்ந்தது,
சுட்ட புகைக்குழாய் கெண்டைக்காலில்.
ஐம்பது காசு அளவுதான், என்றார், முதலில்.
சர்க்கரை இருந்தது.
துவாஸில் பன்னிரண்டு மணி நேர பூட்ஸ் இருந்தது.
ஏழு மாதத்தில் ஐம்பது காசு
உள்ளங்கை ஆனது.

மருந்துக்கு மசியாத கிருமிகள்.
சளியால் சுவர் எழுப்பி
அடுக்குமாடி கட்டி
தாழ்வாரம் தாழ்வாரமாய்ச் சேதி சொல்லிக் குடியிருப்பவை.
மாத்திரை போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும்.
இந்த வாயு தட்டுவதில்லை, இடுக்கு போதும்.
கொஞ்சமாய்ப் போனால் "கலைஞ்சு போங்க" என்கிறது,
கலைகின்றன.
கூடுதலாய்ப் போனால் கொல்கிறது.
அதற்கும் மேலே போனால் அவர் சதையையும்.
ஆகவே பதினொரு நிமிடம்,
பன்னிரண்டு இல்லை.

விளக்கைப் பிடிப்பவளும் நான்தான்.
"பாருங்க மிஸ், முட்டிக்குக் கீழ மட்டும் கிருஷ்ணன்."
சிரித்தேன்.
"சூடு இல்ல, வாடை இல்ல, ஏதாச்சும் வருதா இதுல?"
"வருது. உங்க பாலத்துப் புகையில இருக்கே, அதுல ஒண்ணு."
சொல்லியிருக்கக் கூடாது.
காலை இழுத்துக்கொண்டார்.
உங்கள் ரத்தக்குழாயே தினமும் செய்கிற சரக்குதான்,
சர்க்கரை வந்த பிறகு செய்ய மறக்கிறது,
என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
இரண்டு மணிக்கு வேலை.
கால் திரும்பி வந்தது.

மூன்றாம் வாரம், செவ்வாய்.
தட்டைச் சன்னலோரம் வைத்தது நான்.
ஒரு மடிப்பு சரியாக விழவில்லை.
கென்ட் ரிட்ஜ் உச்சி வெயிலுக்கு
அவ்வளவு இடைவெளி ஏராளம்.
பிரித்தபோது ஆரஞ்சு நிறம் போயிருந்தது.
இல்லாத ஒரு புண்ணுக்கு
எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு
வெளிறிக் கிடந்தது துணி.
"வியாழக்கிழமை வாங்க" என்றேன்.
அரை நாள் சம்பளம் என்று அவர் சொல்லவில்லை.
ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

இன்று நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
மின்னல் எச்சரிக்கை, திடலில் யாரும் இல்லை.
அங்கே மேலே, ஒவ்வொரு வெட்டிலும்,
காற்று எரிந்து இதே வாயு பிறக்கிறது.
யாரும் அளந்து கொடுப்பதில்லை.

கைபேசி அதிர்ந்தது.
அதன் வெளிச்சமும் இங்கே ஆகாது,
நடைக்கு வந்து பார்த்தேன்.
மேம்பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கிய வண்டிகள்,
நடுவே சுருட்டிய பேன்ட், அவர் கால்,
கட்டைப் பிரித்து, ஃபிளாஷ் போட்டு.
திட்டித் தட்டச்சினேன், அழித்தேன்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
விளிம்பில் ஓர் அரிசி அகலத்துக்கு
இளஞ்சிவப்பு,
போன வாரம் இல்லாதது.

கீழே ஒரு வரி:
"கட்டு நனைஞ்சிருச்சு, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

சிவப்புக்குத் திரும்பினேன்.
அடுத்த தாள்.
ஓரத்தை இரண்டு முறை அழுத்தினேன்.