இடம்புரி மரை

காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பின்சக்கரம்.
அச்சின் இரண்டு பக்கமும் மரை.
ஒரு பக்கம் ஃப்ரீவீல்.
மறுபக்கம் அசையாத ஒரு பல்சக்கரம்,
அதன்மேல் ஒரு வளையம்
இடம்புரியாக இறுகிக் கிடந்தது.

ஆற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தஸ்தகீர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி
பெடலைச் சுற்றிவிட்டான்.
சக்கரம் நிற்கும்வரை பெடல் நிற்கவில்லை.
"சர்க்கஸ்காரன் வண்டிக்கா இது.
நீ சும்மா இருந்தாலும் அது உன்ன சும்மா வுடாது."
திருப்பி மாட்ட நாற்பது ரூபாய் என்றான்.
திருப்பாமல் மாட்டவும் அதே நாற்பதுதான்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை.
வீட்டில் ரவிக்கை தைக்கும் கால்மிஷினும் அப்படித்தான்:
கால் நின்றால் சக்கரம் நிற்க வேண்டும்,
சக்கரம் பின்னால் உருண்டால் நூல் அறும்.
கம்பெனியில் மோட்டார் மிஷின்.
ஷூவின் மேல்தோலுக்கு ஓரம் அடிக்கிறேன்,
ஒரு நாளைக்கு இருநூற்று அறுபது ஜோடி.
அங்கே காலுக்கு வேலையே இல்லை,
ஒரு சுவிட்சை அழுத்திக்கொண்டிருப்பதைத் தவிர.

முதல் நாள், ராணிப்பேட்டைக்குப் போகும்போது
பாலத்தில் எதிர்காற்று.
முழங்கால் தயங்கும் இடத்தில்
சக்கரமே காலைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்தது.
பரவாயில்லையே என்று நினைத்தேன்.
இறக்கத்தில் நினைப்பு மாறியது.
அது கேட்ட கேள்விக்கெல்லாம்
முழங்கால்கள் ஆமாம் ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டிக்கொண்டே இருந்தன.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தேன், நல்லவேளை.

ஃப்ரீவீலையும் குறை சொல்ல முடியாது.
பழைய சக்கரத்தில் மூன்று வருடம் போயிருக்கிறேன்.
எட்டு மணிநேரம் குனிந்த முதுகோடு
இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுச் சும்மா போவது
நாளில் யாரும் கணக்கெடுக்காத நாற்பது விநாடி.
அதற்குக் கூலி இல்லை, பிடித்தமும் இல்லை.

ஆனால் அது டிக்டிக்டிக் என்று ஊருக்கே சொல்லும்.
இரவு ஷிஃப்ட் விட்டு, பத்தே முக்காலுக்கு,
தண்ணீர் இல்லாத பாலாற்றின் மேல்
லாரி ஒன்று கடந்தபின் வரும் அமைதியில்
பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள்
அந்தச் சத்தத்துக்குத் திரும்புவார்கள்.
இந்தப் பல்சக்கரத்துக்கு வாய் இல்லை.
அவர்கள் திரும்புவதற்குள் நான் போய்விடுகிறேன்.

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று
மாற்றிக்கொள்ளேன் என்றாள் யுவராணி.
பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர், பத்து நிமிடம்,
செயின் தொய்வு பார்க்க இன்னும் ஐந்து.
அப்புறம் விரல் ரேகைக்குள் கிரீஸ்.
இந்த மாதம் வெள்ளைத் தோல் ஆர்டர்.
ஒரு கறை, ஒரு ஜோடி, சம்பளத்தில் எழுபது ரூபாய்.
சொன்னவள்தான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து
கறை தேடுகிறவள்.

நேற்று இரவு இறக்கத்தில்
இரண்டு காலையும் தூக்கிவிட்டேன்.
யோசித்துச் செய்யவில்லை.
முன்பிரேக்கில் விரல்,
கால்கள் இரண்டு பக்கமும் காற்றில்,
கீழே பெடல்கள் தாமாகச் சுழன்றன,
ஆள் எழுந்துபோன பிறகும் ஓடுகிற மிஷின்போல.
இத்தனை நாள் மிதித்தது யார் என்று
கேட்கத் தோன்றியது. சிரிப்பு வந்தது.
சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
சுவரில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

மறுபடி காலை வைக்கப் போனபோது
பெடலின் பல் கெண்டைக்காலில் இழுத்தது.
இன்று டீ நேரத்தில் குனிந்து பார்த்தேன்.
நேர்கோடு. ஒரே இடைவெளியில் புள்ளி புள்ளியாக,
ஓரம் அடித்த மாதிரி.
யுவராணியும் எட்டிப் பார்த்தாள்,
கை அவளையறியாமல் ஸ்கேலைத் தேடியது.

இது வெள்ளைத் தோல் இல்லை என்றேன்,
பிடித்தம் வராது.