கரையேறும் சத்தம்

பூஞ்சைதான் தின்றதாம்,
நாற்பத்தைந்து வருஷம் தகரப் பெட்டியில் கிடந்த ஒலிநாடாவை.
படச்சுருள் பிழைத்துக்கொண்டது, வர்ணனைக்காரரின் குரலும்.
மற்றதெல்லாம் போச்சு: கடல், செதில், இறகு, மழை.
ஊர் உலகமே உட்கார்ந்து பார்த்த தொடர்,
உயிர் உண்டாகிப் பெருகிய கதை.
அதன் சத்தத்தை இன்னோர் உயிர்
நிதானமாகச் சாப்பிட்டு முடித்திருக்கிறது.
குறை சொல்ல என்ன இருக்கிறது.

வின்னிபெக். பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பழைய விதைக்கிடங்கின் நாலாவது மாடியில்
கூலிக்குச் சத்தம் செய்கிறவள் நான்.
எலும்பு முறிய வேண்டுமா,
உறைந்த முருங்கைக்காய், பாக்கெட் நாலு டாலர்.
பன்னிரண்டு பாகமும் ஊமையாக வந்து இறங்கின.

ட்ரைலோபைட்டுக்கு
மூன்று வாரம் சேர்த்துவைத்த நகத்துண்டுகளை
சோப்பு டப்பாவில் போட்டுக் குலுக்கினேன்.
முப்பது கோடி வருஷத்துத் தும்பிக்கு
குளியலறைத் திரை.
பறவை முதல்முதலாகப் பறக்கிறதே, அது என் வலது கையுறை.
இடது கையுறை பஸ்ஸில் தவறிப்போனது,
அதனால் கொஞ்சம் நொண்டித்தான் பறக்கும்.

ஆதிக்கடல்தான் வழிக்கு வரவில்லை.
கஞ்சி, ஷாம்பு, சோடா,
எதைக் கொட்டினாலும் அது தன் பேரையே சொன்னது.
ரெனாட்டோ ஹெட்போனைக் கழற்றி உதட்டைப் பிதுக்குவான்.
அந்த வாரம் வீட்டில் இட்லிமாவும் புளிக்கவில்லை.
அவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.
அவன் என்றால் அடுப்பு, ரெனாட்டோ இல்லை.
இரண்டரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால்
மூடிக்கடியில் யாரோ மெல்லப் பேசுகிறார்கள்.
மைக்குக்கு ஆணுறை மாட்டி
மாவுக்குள் இறக்கினேன்.
பொளக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பொளக்.
கண்ணுக்குத் தெரியாததுகள், கோடானுகோடி,
தங்கள் பூட்டன் வேஷத்தைத் தாங்களே கட்டின.
தொடர் முழுக்கப் பொய்யில்லாத சத்தம் அது ஒன்றுதான்.
காலையில் நடிகர்களை வேகவைத்துச் சாப்பிட்டேன்,
மிளகாய்ப்பொடியோடு.

மிச்சம் நாலு விநாடி.
மீன் ஒன்று சேற்றில் துடுப்பை ஊன்றிக் கரையேறுகிற இடம்.
ஓயாமல் பேசும் வர்ணனைக்காரர்
அங்கே மட்டும் வாயை மூடிக்கொள்கிறார்.
ஈரத்துணி அடித்துப் பார்த்தேன். ஆட்டீரலை அறைந்து பார்த்தேன்.
டொராண்டோவிலிருந்து தயாரிப்பாளர், "இன்னும் கனமாக."
கனம்தானே அதற்குப் புதுசு?
அதுவரை தண்ணீர் சுமந்தது.
இப்போதுதான் தன்னைத் தான் தூக்குகிறது.
அது எப்படிக் கேட்டது என்று யாரைப் போய்க் கேட்க?

பதினேழாம் நாள் ராத்திரி.
தோற்றுப்போய், வண்டி நிறுத்துமிடம்.
எஞ்சின் ஹீட்டரின் வயரைப் பிடுங்கக் குனிந்தேன்,
காலடியில் கண்ணாடிப் பனிக்கட்டி.
மூச்சு அடைத்தது.
எழ எழ வழுக்கியது, பூட்ஸ் பிடிக்கவே இல்லை.
முழங்கையாலேயே ஊர்ந்தேன்,
உப்புத் தூவிய இடம்வரை, ஆறடி இருக்கும்.
தோளில் தொங்கிய ரெக்கார்டரை அணைக்க மறந்திருந்தேன்.

மறுநாள் அதைக் கேட்டான் ரெனாட்டோ.
மறுபடி கேட்டான்.
"பாமதி, எங்கே பிடித்தாய் இதை?"
மீன்மேல் ஒட்டவைத்தான்,
இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.
ஒரே தொந்தரவு, விழுந்ததும் நான் கத்திய ஐயோ.
முப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னால்
ஐயோ என்பதற்கு வாகான நாக்கு ஏது,
ஓடிவர ஆள்தான் ஏது.
வெட்டிவிடு என்றேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது, தவாவோ நகரத்துக்காரன்.
அலைக்கோட்டைப் பெரிதாக்கி
நாக்கு மேலெழும்பும் இடத்திலிருந்து அழித்தான்.
அதற்கு முந்தைய வாய்திறப்பு
வெறும் காற்று மாதிரித்தான் இருக்கிறது, கிடக்கட்டும் என்றான்.

கிடக்கிறது.
மூன்றாம் பாகம், பத்தொன்பதாவது நிமிஷம்.
வர்ணனைக்காரர் பேசாமல் நிற்கிறார்.
சேறு ஒருமுறை அமுங்கி எழுகிறது.
மீன் வாயைத் திறக்கிறது,

அ.