வெளியாள் வாடை

நாலரை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.
ஆறு பேர், ஒன்பது பை,
திருப்பூர்க் கழிவு பனியன் ஒரு மூட்டை.
"மாடு துடைக்க ஆகும் அண்ணி"
என்றாள் செல்லக்கண்ணு.
பிரித்துப் பார்த்தால் எல்லாமே புதுசு,
ஒரு கை மட்டும் நீளம்.

அன்றைக்கே மயிலை பாலை எக்கிக்கொண்டது.
கன்றை அவிழ்த்து முட்டவிட்டேன்,
தவிட்டில் ஒரு கை கூடப் போட்டேன்,
காம்பில் விளக்கெண்ணெய் தடவினேன்.
அது மூக்கைத் தூக்கி வீட்டுப் பக்கமே பார்த்தது.
சென்ட், ஷாம்பு, ஆரஞ்சுத் தோல்,
வழியெல்லாம் வாந்தியெடுத்த சின்னவன் சட்டை,
அதற்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.
இரண்டு லிட்டரோடு கல்லல் ரோட்டு சொசைட்டிக்குப் போனேன்.
கேனைச் சாய்த்துப் பார்த்த சாத்தையா
"என்ன, விருந்தாளா?" என்றார்.

பகலில்
பிள்ளைகள் தொழுவத் தரையைப் படம் பிடித்தார்கள்.
பள்ளத்தூரில் இடித்த வீடொன்றின் பூக்கல்,
டிராக்டர் வாடகை மட்டும் கொடுத்து அள்ளி வந்து பாவியது.
நனைந்தால் மாடு வழுக்கும்,
அதனால் மேலே சாக்கு கிடக்கும்.
சாக்கை நீக்கச் சொன்னார்கள்,
சாணியை நீக்கச் சொன்னார்கள்,
மாட்டையும் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்றார்கள்.

செல்லக்கண்ணு வீட்டுக்காரர்
மோட்டார் ரூம் பிளக்கில் போனைச் சொருகிவிட்டு
"இங்கிட்டெல்லாம் சென்ட் என்ன போகுது மச்சான்?" என்றார்.
இவர் வெள்ளாட்டுக் கிடாயின் வயசைச் சொன்னார்.
மறுநாளும் கேட்டார்.
கிடாய்க்கு மறுநாளும் அதே வயசு.

ராத்திரி டார்ச் அடித்து
கொய்யா மரத்தில் அடைந்த கோழிகளை எண்ணினாள் நடுப்பிள்ளை.
ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைந்தது.
குழம்பில் கிடந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அதே கிடாய்
கயிற்றோடு இழுத்ததில் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது.
இவர் கிட்டே போனால் மயிலை உதைக்கும்,
சந்தைக்குப் பிடித்துப்போன ஒரு நாளை அது மறக்கவில்லை.
"ஒங்க சேலையக் குடுங்க அண்ணி" என்றாள்.
எந்தச் சேலை என்று நான் கேட்கவில்லை.
கொசுவத்தில் பிண்ணாக்கு காய்ந்த பச்சைச் சேலைதான்.

கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.
காலர் தைத்துத் தைத்து
நுனி தட்டையாகிப்போன விரல்கள்.
மயிலை முந்தானையை முகர்ந்தது,
நீளமாக ஒரு மூச்சு விட்டது,
அப்புறம் பாலையும் விட்டது.
வெறும் செம்பில் முதலில் கிண்ணென்று,
பிறகு நுரைக்குள் சொர்ரென்று.
நாலே முக்கால் லிட்டர்.
எனக்கு என்றைக்கும் நாலரைதான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றெல்லாம் அவள் சேலை மாற்றவில்லை.
கோழிகள் அவள் காலடியில் கூடின,
குட்டிகள் பின்னாலேயே போயின,
இவர்கூட முதுகைப் பார்த்து
"ஏய், அந்த அருவாள எடு" என்று அதட்டினார்.
"எடுத்தா வெட்டிருவேண்ணே" என்று திரும்பினாள்.
அவளுடைய ரோஜாப்பூ நைட்டியில்
பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.
எங்கள் நாயே ஒருமுறை என்னைக் குரைத்தது.
காபி கைக்கு வந்தது.
சர்க்கரை போதுமா என்று ஒருத்தர் கேட்டது
இந்த வீட்டுக்கு வந்த பதினாறு வருசத்தில் அன்றைக்குத்தான்.
போதாது என்றேன்.
போதும்தான்.

ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினார்கள்.
ஆறு பேர், பதிமூன்று பை.
முருங்கைக்காய், முந்திரிக்கொட்டை,
துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு பெட்டைக்கோழி.
பொங்கலுக்கு வருகிறேன் மச்சான் என்றார் அவர்.
கிடாய்க்கு அப்போது வயசு கூடியிருக்கும்.

விடிந்து பார்த்தால்
கொடியில் பச்சைச் சேலை பளிச்சென்று ஆடுகிறது.
போகிற அவசரத்திலும் அலசிப் போட்டிருக்கிறாள்.
பிண்ணாக்கு இல்லை, சாணி இல்லை,
கடைசி வாளியில் ஏதோ மல்லிகை வாசத் திரவம் வேறு.
கட்டிக்கொண்டு போனேன்.
மயிலை முகர்ந்தது.
மூக்கைத் தூக்கி ரோட்டுப் பக்கம் பார்த்தது.

இரண்டு லிட்டர்.
சாத்தையா கேனைச் சாய்த்தார்.
"இன்னும் போகலையா?" என்றார்.