ஆறு மணிக்குள்

டிக்கெட் வந்தபோது மணி ஐந்து நாற்பது.
ஒரே வரி:
ஊழியர் 20417, அணுகல் நீக்கம், ஆறு மணிக்குள்.
காரணம் எழுதும் கட்டத்தில்
ஒரு புள்ளி.

20417 எனக்குத் தெரிந்த எண்.
உமையாள், க்ளெய்ம்ஸ் பிரிவு.
லேப்டாப் அனுப்பிய கூரியர் சீட்டில் பார்த்தேன்:
புதுவயல், காரைக்குடி வழி,
என் தெருவுக்கு மூன்றாம் தெரு,
ரைஸ் மில் சுவரை ஒட்டிய மாடி.
அவள் கொடியில் படியும் உமிச் சாம்பல்தான்
என் மேசையிலும் படிகிறது.
நான் இந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது.
சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.
வந்தது.

மூன்று தெருவைக் கடக்க
கம்பெனி எங்களுக்கு வைத்த வழி ஒன்றுதான்:
இங்கிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டர்,
சென்னையிலிருந்து இங்கே நானூறு.
நடுவில் எவர் பிரித்தாலும்
வெறும் தவிடுதான் கையில் வரும்,
அரிசி எங்கே என்று தெரியாது.
பயிற்சி வகுப்பில் நான் அப்படித்தான் விளக்கினேன்.
"கேபிள்காரர் பார்ப்பாரா சார்?" என்று
அன்று கேட்டது அவள்.

இப்போது திரையில் அவள் பெயர் பச்சை.
காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு உள்ளே வந்தவள்.
மூன்று முறை அறுந்திருக்கிறது.
பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனதே, அது.
இரண்டரைக்கு எதுவென்று தெரியவில்லை.
நாலு பத்துக்கு மழை.
ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள்
ஆறு இலக்கத்தைத் தட்டித்
திரும்பி வந்துவிட்டாள்.

வேறு வேலை பார்த்தேன்.
ஒருவருக்குக் கடவுச்சொல் மாற்றினேன்,
ஒருவருக்குப் பிரிண்டர்.
அவள் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள்,
பைட்டுகளின் எண் ஏறியபடியே இருந்தது.
அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.
நிற்கவில்லை.
ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சான்றிதழை ரத்து செய்தேன்.

"நிச்சயமாகவா?"
திரை கேட்டது.
அதற்காவது கேட்கத் தோன்றியது.

உடனே போன்.
"சார், வி.பி.என். எடுக்கல.
பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன்.
ஒரு க்ளெய்ம் பாதியில நிக்குது சார்,
சிவகங்கை ஆஸ்பத்திரியில
பில் கட்டாம டிஸ்சார்ஜ் பண்ண மாட்டேங்கிறாங்களாம்,
அந்தம்மா வாசல்ல நிக்குது..."

எச்.ஆர். இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.
ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.

ஆறு மணிச் சங்கு.
முதலில் என் ஜன்னலில்,
அரை நொடி கழித்துப் போனில்.

பேச்சு நின்றது.
சங்கு ஓய்ந்து
மில்லின் இரைச்சல் மட்டும்
இரண்டு காதிலும் கொஞ்சம் முன்பின்னாக.
"சார்," என்றாள்,
"நீங்க புதுவயலா?"

ஹெல்ப் டெஸ்க் இருக்குமிடத்தைச் சொல்லக் கூடாது.
விதிப் புத்தகத்தில் அந்த வரியும் நான் எழுதியது.

"ஆமா," என்றேன்.
அதற்குப் பிறகு அவள்
வி.பி.என்.னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்த க்ளெய்ம் நம்பரைச் சொல்லுங்க."

சொன்னாள், பதினோரு இலக்கம், நிதானமாக.
பேனா கிடைக்கவில்லை.
மேசைச் சாம்பலில்
விரலால் எழுதிக்கொண்டேன்.