பூவை மட்டும்

ஊசிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண்.
அந்தச் சாணுக்குள் பதினெட்டாயிரம் வோல்ற்று.
கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.
துளி முதலில் உருண்டையாகத்தான் தொங்கும்.
பிறகு அதற்கொரு மூக்கு முளைக்கும்.
மூக்கு நுனியிலிருந்து,
விளக்கைச் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற ஒன்று
கிளம்பி, சாட்டையாய்ச் சுழன்று,
உருளையில் போய் ஒட்டும்.
தலைமயிர் ஒன்றின் அகலத்தில்
முந்நூறு பக்கம் பக்கமாகப் படுக்கலாம்.
மூன்று மணித்தியாலம் நின்றால்
ஒரு கைக்குட்டை அளவு தாள்.

நிலாவெளி வீதியில், கடலுக்கு முதுகுகாட்டி எங்கள் ஆய்வுகூடம்.
வாடை தொடங்கினால் வேலை கெட்டது.
ஈரம் ஊசிவாயில் குந்திக்கொண்டு
நூலை நூலாக விடாது.
நுணுக்குக்காட்டியில் பார்த்தால்
வலையெல்லாம் நெத்தலி மாட்டின மாதிரி
மணி மணியாய் முடிச்சு.
கச்சானுக்குத்தான் காத்திருப்போம்.
உதடு வெடிக்கிறது, கிணறு இறங்குகிறது என்று
ஊர் அதைத் திட்டும்.
நானும் வீட்டில் திட்டுவேன்.
வேலைக்கு வந்தபின் திட்டுவதில்லை.

கரைசலில் என்ன என்று கேட்கிறார்கள்.
கிண்ணியாவில் உரித்துக் கொட்டுகிற இறால் கோது,
காரத்தில் அவித்து, அமிலத்தில் ஊறவைத்து, மாவாக்கியது.
கறுவா எண்ணெய், சொட்டுக் கணக்கில்.
பிறகு என் வேலிச் சங்குப்பூ,
கோட்டை மான்கள் தின்றது போக மிச்சம்.
வினாகிரி மணக்கும் கலவையில் விழுந்ததும்
அதன் நீலம் ஊதாவாகும்.
கோது கிருமியை மறிக்கும்.
கறுவா அடிக்கும்.
பூ கோள் சொல்லும்:
மீன் நல்லதென்றால் ஊதா,
ஐமிச்சம் என்றால் நீலம்,
மூக்குக்கு எட்டுமுன்னே பச்சை.

துறைமுகத்தில் உவைஸ் முதலாளி
பன்னிரண்டு பெட்டிச் சூரைக்குள் எங்கள் தாளை விரிக்கவிட்டார்.
ஐந்தாம் நாள் செவுளைக் கிளப்பிப் பார்த்தார்,
முகர்ந்தார்,
இன்னொருக்கால் முகர்ந்தார்.
"அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு நாள் கூட நிக்கிது."
பிறகு தாளின் மூலையை நகத்தால் சுரண்டி,
இந்த ஊதா என்னத்துக்கு என்றார்.
சொன்னேன்.
ஐஸ் உருகி அவருடைய செருப்பை நனைத்தது.
"ஹபரணையில டயர் வெடிச்சா
ரெண்டு மணித்தியாலம் லொறி வெயில்ல நிக்கும்.
அது என்ட பிழையா புள்ள?
பெட்டி பச்சையாப் போய் இறங்கினா
பேலியகொடையில ஒருத்தன் கை வெப்பானா?
கோது இரிக்கட்டும். கறுவா இரிக்கட்டும்.
பூவ மட்டும் எடுத்துருங்க."

கோபத்தோடு பஸ் ஏறினேன்.
சாம்பல்தீவுப் பாலம் வருமுன்
டயர் அவருடைய பிழையில்லை என்று பட்டது.
இறங்கும்போது,
தின்கிறவரின் பிழையும் இல்லையே என்று பட்டது.
அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

பூவில்லாத தாள் செய்து கொடுத்தோம்.
பால்போல் வெள்ளை. முடிச்சே இல்லை.
உண்மையைச் சொன்னால்
ஊதாவைவிட நன்றாகவே சுற்றியது.
நூறு தாள் கேட்டார்கள்.
அறிக்கையில் பூவின் பக்கம்
பின்னிணைப்புக்குப் போயிற்று.

நோன்புப் பெருநாளுக்கு முதல் கிழமை
தொலைபேசி.
பின்னால் மீன் ஏலம் கேட்கிறது.
"புள்ள, அந்த ஊதாத் துண்டு மிச்சம் கிடக்கா?
கொஞ்சம் போதும்.
கடைக்கில்ல,
வீட்டுக்குக் கொண்டுபோற மீனுக்கு."

கத்தரிக்கோலைத் தேடி எடுத்து
முத்திரை அளவில் ஏழு வெட்டினேன்.
எட்டாவதை எனக்கென்று
சட்டைப்பைக்குள் வைத்தேன்.
அப்போது கறன்ற் போனது.
ஊசிமுனையில் மூக்கு அடங்கி,
துளி திரும்பவும் உருண்டையாகி,
தாள் எதுவும் விரிக்காத தட்டில்
சொட்டியது.