மூன்றில் ஒரு பங்கு

பட்டினி போட்ட இரண்டாம் மணி நேரத்தில்
உடலின் ஒரு கோடியில் சுவர் எழும்பும்.
நடுவில் அல்ல, ஓரமாக,
பங்காளிக்கு மனசில்லாமல் அளந்துவிட்ட
மனைத்துண்டு போல.

எழும்பும் அவசரத்தில்
மரபிழை மாட்டிக்கொள்ளும்.
மூன்றில் ஒரு பங்கு சின்ன அறைக்குள்,
மிச்சம் வெளியே.
அப்போது அந்த இடுக்கில் வந்து நிற்கிறது
ஒரு புரதம்.
கால் மணி நேரத்தில்
மிச்ச வம்சமும் உள்ளே போய்விடும்.

ஸ்போ மூன்று ஈ.
வீப்கெ அதை ஏ என்பாள்,
ஜெர்மனில் அந்த எழுத்தின் ஒலி அப்படி;
தெருவில் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும்.
எங்கள் மொழியில் ஈ ஒரு முழுச் சொல்,
கொடு என்று பொருள் என்றேன்.
மொய்க்கிற ஈயும் அதேதான் என்பதை
ஏனோ சொல்லவில்லை.

என் குடுவையில் இருப்பது
அந்த ஈ பழுதான இனம்.
நுண்ணோக்கியின் கீழ் ஆயிரம் எண்ணினேன்.
மின்னும் வித்து ஒன்றுகூட இல்லை.
ஆயிரம் வாசல்,
ஆயிரத்திலும் நின்றுபோன இழை.

எண்பது டிகிரியில் இருபது நிமிடம் வேகவைத்து
தட்டில் பரப்பினேன்.
வித்தானது மட்டும் பிழைக்கும்.

மறுநாள் சனி. வீப்கெ வீடு மாறினாள்,
மார்பூர்க் மேல்நகரில்,
தெருவென்று சொல்லிக்கொள்ளும் படிக்கட்டில்
மரச்சட்டம் கோணிய வீடு, மூன்றாம் மாடி.
விவாகரத்தில் அவள் கேட்டு வாங்கியது
ஒரே ஒரு அலமாரி.
அவள் உள்ளே, நானும் டெட்லெஃபும் வெளியே.
மூன்றில் ஒரு பங்கு போனது.
அப்புறம் போகவில்லை.

இழு என்றேன்.
தள்ளு என்றாள் மரத்துக்கு அப்பாலிருந்து.
ஆய்வகத்தில் இதே சண்டை போட்டிருக்கிறோம்:
அந்தப் புரதம் இழுக்கிறதா, தள்ளுகிறதா?
தாய்ப்பக்கம் நிற்பதுதான் வேலை செய்கிறது,
தள்ளுகிறது, என்று
அவள்தான் என்னை ஒத்துக்கொள்ள வைத்தாள்.
தள்ளினோம்.
சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.
டெட்லெஃப் தன் முதுகைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

இருட்டியதும்
அலமாரிக்கும் நிலைப்படிக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளியில்
ரொட்டியும் பாலாடைக்கட்டியும்
ஒரு திருப்புளியும் கொடுத்தேன்.
அவள் விரல்கள் மட்டும் வந்து வாங்கின.
நன்றி சொன்னாள், அழுகிறாளா
சிரிக்கிறாளா தெரியவில்லை.
மரம் கனமானது.

ஞாயிறு காலை
தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஒன்றே ஒன்று.
மாசாக இருக்கலாம்.
என் விரலிலிருந்து விழுந்ததாக இருக்கலாம்.
நோட்டில் 1 என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்,
பிறகு அவளை அழைத்தேன்.

அது அங்கேயேதான் நிற்கிறது என்றாள்.
கதவைச் சாத்த முடியாததால்
ராத்திரி யாருடைய பூனையோ
மேலாக ஏறி வந்து
காலடியில் படுத்திருந்ததாம்.